இரண்டு வாசலும் வேண்டாம் என்றவர்கள்

கொரியப் போரில் கைதிகளாகி, சென்னையில் கரையிறங்கிய 88 சிப்பாய்களின் கதை

ஒரு கூடாரம். வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப்புறம் சில அதிகாரிகள். பக்கத்தில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள். இந்தியச் சிப்பாய்கள் இருவர் ஒரு கைதியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். கைதி இளைஞன். உட்காரச் சொல்கிறார்கள். அதிகாரி பேசத் தொடங்குகிறார். "ஊருக்குத் திரும்பி வா" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

பேச்சு முடிந்ததும் கைதி எழுந்திருக்க வேண்டும். கூடாரத்துக்கு இரண்டு வாசல்கள். ஒரு வாசல் வழியாகப் போனால் சொந்த ஊர். மற்றொரு வாசல் வழியாகப் போனால் மறுபடியும் முகாம். பிறகு எதிரியின் நாடு.

எந்த வாசலில் அவன் கால் வைக்கிறானோ, அதுதான் அவன் வாழ்க்கை. தாயை மறுபடி பார்ப்பானா, மாட்டானா என்பது அந்த நாலு எட்டு நடையில் முடிவாகிவிடும்.

1953-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கொரியா தேசத்தில் நடந்த காட்சி இது. காவல் நின்றவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். கைதிகளோ இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகச் சிலர், "எனக்கு இந்த வாசலும் வேண்டாம், அந்த வாசலும் வேண்டாம்" என்றார்கள். அவர்கள் கப்பலேறி வந்து இறங்கிய துறைமுகம் நமது சென்னை!

அண்ணன் தம்பிச் சண்டை

கொரியாவில் நடந்தது எப்படிப்பட்ட போர்? அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கைதிகளின் தவிப்பு புரியும்.

தருமபுரி மாவட்டத்தில் ஏரியூருக்குப் பக்கத்தில் நாகமரை என்று ஓர் ஊர் இருக்கிறது. மேட்டூர் அணையின் தேக்கத் தண்ணீர் அங்கே கடல் போல விரிந்து கிடக்கும். அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகு போய் வரும். இங்கே பெண் கொடுத்திருப்பார்கள். அங்கே பெண் எடுத்திருப்பார்கள். சந்தைக்கும் சாவுக்கும் ஆள் போய் வரும்.

ஒரு நாள் காலையில் யாரோ வந்து, "தண்ணீருக்கு நடுவே ஒரு கோடு போட்டுவிட்டோம். இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஐந்து வருஷம் கழித்து இரண்டு கரையும் துப்பாக்கி தூக்கினால் எப்படி இருக்கும்? கொரியாவில் அதுதான் நடந்தது.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானுக்கு அடிமை நாடு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றது. வடக்கே ரஷ்யப் படை வந்தது. தெற்கே அமெரிக்கப் படை வர வேண்டும். எல்லை எது? 1945 ஆகஸ்டில் ஓர் இரவு வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு தேசப்படத்தை விரித்து வைத்து, 38-வது அட்சரேகையை எல்லை என்று குறித்தார்கள். கொரியாக்காரர் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள்!

வடக்கே கம்யூனிஸ்டு ஆட்சி. தெற்கே சிங்மன் ரீயின் ஆட்சி. 1950 ஜூன் 25-ம் தேதி வட கொரியப் படை கோட்டைத் தாண்டித் தெற்கே பாய்ந்தது. தெற்குக்குத் துணையாக ஐக்கிய நாடுகளின் கொடியின் கீழ் அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் வந்தன. வடக்குக்குத் துணையாகச் சீனப் படை வந்தது. ஒரே மொழி பேசி, ஒரே சோறு தின்ற ஜனங்கள் மூன்று வருஷம் ஒருவரையொருவர் கொன்றார்கள்.

இந்தப் போரில் "எதிரி" என்று யாரைச் சொல்வது? வட கொரியப் படை தெற்கே ஊர் ஊராகப் பிடித்தபோது அங்கிருந்த இளைஞர்களைத் தன் பட்டாளத்தில் வலுக்கட்டாயமாகச் சேர்த்தது. பிறகு அமெரிக்கப் படை முன்னேறியபோது அந்த இளைஞர்கள் பிடிபட்டார்கள். தெற்கே பிறந்தவன், வடக்கின் உடுப்பில் பிடிபட்டு, தன் சொந்த நாட்டிலேயே எதிரி நாட்டுக் கைதியாகக் கம்பி வேலிக்குள் கிடந்தான். இப்படி எத்தனையோ பேர்!

வேலிக்குள் இன்னொரு போர்

தென் கொரியாவின் கரையோரம் கோஜே என்று ஒரு தீவு. பிடிபட்ட கைதிகளைப் பெரும்பாலும் அங்கேதான் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பேர் இருந்தார்கள். ஒரு பெரிய பட்டணத்தையே முள்கம்பிக்குள் அடைத்தது போல!

போர்க் கைதி என்றால், போர் அவனுக்கு முடிந்துவிட்டது என்றுதான் நாம் நினைப்போம். துப்பாக்கியைப் பறித்துக்கொண்டார்கள், இனி சோறு போடுவார்கள், சண்டை ஓய்ந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்படித்தானே?

கோஜே தீவில் அப்படி இல்லை. வெளியே காவல் இருந்தது அமெரிக்கர்கள். உள்ளே ஆட்சி நடத்தியது கைதிகளே. சில அடைப்புகள் கம்யூனிஸ்டுக் கைதிகள் கையில். சில அடைப்புகள் கம்யூனிஸ்டு எதிர்ப்பாளர்கள் கையில். ஒவ்வொன்றிலும் தலைவர்கள், ஒற்றர்கள், இரவு விசாரணைகள், தண்டனைகள். "இவன் அந்தக் கட்சி" என்று சந்தேகம் வந்தால் போதும். காலையில் பிணமாகக் கிடப்பான். கம்யூனிஸ்டு எதிர்ப்பாளர்களின் அடைப்புகளில் கைதிகளின் கையிலும் மார்பிலும் அரசியல் கோஷங்களைப் பச்சை குத்தினார்கள். விரும்பிக் குத்திக்கொண்டவர்களும் உண்டு. பிடித்து அழுத்திக் குத்தப்பட்டவர்களும் உண்டு. இந்தப் பச்சையோடு ஒருவன் ஊர் திரும்பினால் அங்கே என்ன ஆவான்? அதற்காகவே குத்தினார்கள்!

1952 மே 7-ம் தேதி உலகமே சிரித்த ஒரு சம்பவம் நடந்தது. வட கொரியக் கைதிகள் ஏதோ குறை சொல்ல வேண்டும் என்று முகாம் தளபதியை வாசலுக்கு அழைத்தார்கள். அவர் அமெரிக்க ஜெனரல் டாட். வந்தவரை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சிறை வைத்துவிட்டார்கள். கைதிகளிடம் ஜெயிலர் கைதி! மூன்று நாள் கழித்துத்தான் விட்டார்கள். கலகத்தை அடக்க அமெரிக்க ராணுவம் டாங்கிகளைக் கொண்டுவந்தது. பலர் செத்தார்கள்.

இந்தக் கட்சிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சாதாரணச் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு அரசியல் தெரியாது. நெல் வயலிலிருந்து இழுத்து வரப்பட்டவன். அவனைப் பகலில் அந்நியன் காவல் காத்தான். இரவில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் காவல் காத்தான். என்னைக் கேட்டால், இரண்டாவது காவல்தான் பொல்லாதது.

போரை நீட்டிய கேள்வி

1951 ஜூலையில் சமரசப் பேச்சு தொடங்கியது. எல்லைக் கோடு பற்றி ஒருவாறு உடன்பாடு வந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. "திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லும் கைதியை என்ன செய்வது?"

1949-ம் வருஷத்து ஜெனிவா ஒப்பந்தம், சண்டை முடிந்ததும் கைதிகளைத் தாமதமின்றி ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. கைதி போக மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் அப்படி ஒரு கைதி இருப்பான் என்றே எண்ணவில்லை போலும்!

சீனாவும் வட கொரியாவும், "எல்லாரையும் அனுப்பு" என்றன. அமெரிக்கா, "இஷ்டமில்லாதவனை அனுப்ப மாட்டோம்" என்றது. இந்த ஒரு பேச்சு ஒரு வருஷத்துக்கும் மேல் இழுத்தது. அத்தனை நாளும் மலை மேட்டில் பீரங்கி முழங்கிக்கொண்டே இருந்தது. கைதிகளின் விருப்பத்துக்காக வாதாடிய அந்த மாதங்களில், கைதியாகாத எத்தனையோ ஆயிரம் சிப்பாய்கள் மண்ணில் விழுந்தார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கக் கை கொடுத்தது இந்தியா. கொரியாவுக்கு இந்தியா சண்டைப் பட்டாளம் அனுப்பவில்லை. ஒரு மருத்துவப் படையை மட்டும் 1950 நவம்பரில் அனுப்பியிருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், பாரசூட்டில் குதிக்கும் டாக்டர். ஆற்காடு என்ற நம் ஊர்ப்பெயர்தான் அவர் பெயரில் முதலில் நிற்கிறது. 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாரசூட் வீரர்களோடு அவருடைய ஆட்களும் போர்முனையில் குதித்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

1952 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கிருஷ்ண மேனன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. திரும்பிப் போக விரும்பாத கைதிகளை நடுநிலை நாடுகளின் பொறுப்பில் விட வேண்டும் என்பது அதன் கருத்து. முதலில் சீனாவும் ரஷ்யாவும் அதை ஏற்கவில்லை. பிறகு ஏறக்குறைய அதே வழிக்குத்தான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. ஊருக்குப் போக விரும்பிய கைதிகள் ஆகஸ்டு, செப்டம்பரில் கைமாறினார்கள். வடக்கே போனவர்கள் எழுபத்தையாயிரத்துக்கு மேல். தெற்கே வந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். வடக்கே போன கைதிகளில் பலர் அமெரிக்கர் கொடுத்த உடுப்பையும் பூட்சையும் லாரியிலிருந்து கழற்றி எறிந்துகொண்டே போனார்கள். சாலை நெடுக உடுப்புகள் கிடந்தன.

மீதி இருந்தவர்கள், போக மாட்டோம் என்றவர்கள். தெற்கின் பிடியில் இருந்த அத்தகையவர்கள் 22,604 பேர். அவர்களில் சுமார் பதினாலாயிரத்து எழுநூறு பேர் சீனர்கள், மற்றவர்கள் கொரியர்கள். வடக்கின் பிடியில் இருந்தவர்கள் 359 பேர். அதில் 335 தென் கொரியர்கள், 23 அமெரிக்கர்கள், ஓர் இங்கிலீஷ்காரர். இத்தனை பேரும் இந்தியாவின் காவலுக்கு வந்தார்கள்.

நம் பட்டாளத்துக்குக் கல்லடி

காவல் படையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள். தலைவர் மேஜர் ஜெனரல் தோரட். கைதிகள் விஷயத்தை முடிவு செய்யும் ஐந்து நாட்டுக் கமிஷனுக்குத் தலைவர் குடகு நாட்டு வீரர் ஜெனரல் திம்மய்யா. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகியவை மற்ற நான்கு நாடுகள்.

போகும் வழியிலேயே அவமானம். "இந்தியச் சிப்பாயின் கால் என் மண்ணில் படக்கூடாது" என்பது போலத் தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்தார். இந்தியா கம்யூனிஸ்டுகளுக்கு வேண்டிய நாடு என்பது அவர் எண்ணம். ஆகவே இன்சோன் துறைமுகம் வரை கப்பலில் போன நம் பட்டாளத்தை, அமெரிக்கக் கப்பல் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றிப் படை நீக்கிய பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் காலத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்தவர்களே குறைவு. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் அதில் பறந்தார்கள்!

இறங்கிய இடம், இரண்டு நாட்டுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள ஆளில்லாத பூமி. அங்கே கூடாரம் அடித்து "ஹிந்து நகர்" என்றல்ல, "ஹிந்த் நகர்" என்று பெயர் வைத்தார்கள். இந்திய நகரம் என்று பொருள்.

கைதிகள் வந்தார்கள். வந்ததும் கல்லெறிந்தார்கள். திட்டினார்கள், துப்பினார்கள். இந்தியர்கள் தங்களைக் கட்டாயமாக வடக்கே அனுப்ப வந்தவர்கள் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சம்பவம். சீனக் கைதிகளின் ஓர் அடைப்பில் மேஜர் கிரேவால் என்ற இந்திய அதிகாரியைக் கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கோஜே தீவில் ஜெனரல் டாட்டுக்கு நேர்ந்த கதி! சுட்டால் கிரேவால் பிழைக்க மாட்டார். தோரட் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு வாசலைத் திறந்து உள்ளே நடந்தார். கைதிகள் கூச்சலிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கோபப்படவில்லை. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஏதாவது கொடுத்து உபசரிப்பார்கள், உங்களுக்கு அந்த மரியாதை தெரியாதா என்ற தோரணையில் கேட்டார். கூட்டம் திகைத்தது. யாரோ சிகரெட் நீட்டினார்கள். தேநீர் வந்தது. பேச்சு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கிரேவால் வெளியே வந்தார். தோரட்டுக்குப் பின்னர் இரண்டாம் வகுப்பு அசோக சக்கரம் வழங்கப்பட்டது.

எல்லா நாளும் இப்படிச் சுமுகமாகப் போகவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் வேலியை உடைத்துக்கொண்டு பாய்ந்த கைதிகள் மீது நம் காவலர்கள் சுட வேண்டியதாயிற்று. சில கைதிகள் இறந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவில் வேலி தாண்டியவர்கள்

தொண்ணூறு நாள் விளக்கம் நடக்கும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு கைதியையும் தனியாக அழைத்து வந்து, அவன் நாட்டு அதிகாரிகள் பேசிப் பார்க்கலாம். அதற்காகத்தான் முதலில் சொன்ன இரண்டு வாசல் கூடாரம்.

அக்டோபர் 15-ல் தொடங்கியது. கைதிகள் உள்ளே வரும்போதே கோஷமிட்டார்கள். நாற்காலியைத் தூக்கி எறியப் பார்த்தார்கள். அதிகாரியின் முகத்தில் துப்பினார்கள். சில நாள் கைதிகள் வெளியே வரவே மறுத்தார்கள். சில நாள் அதிகாரிகள் ஒரே கைதியிடம் மணிக்கணக்காகப் பேசினார்கள். தொண்ணூறு நாளில் விளக்கம் நடந்தது பத்தே நாள்! டிசம்பர் 23-ல் கெடு முடிந்தது. பெரும்பாலான கைதிகள் அந்தக் கூடாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனால் இன்னொரு வழியில் சிலர் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். இருட்டில் வேலி ஏறிக் குதித்து, இந்தியக் காவலரிடம் ஓடி வந்து சேர்ந்தார்கள். அடைப்பின் தலைவர்கள் எடுத்த முடிவுக்கு மாறாக எதை நினைத்தாலும் அதை உள்ளே வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஊருக்குப் போக ஆசைப்பட்டாலும் ஆபத்து. மூன்றாவது நாட்டுக்குப் போக ஆசைப்பட்டாலும் ஆபத்து. முள்கம்பியில் சதை கிழிய வேண்டும்; பின்னால் துரத்துபவன் கையில் சிக்காமல் இருக்க வேண்டும். கல்லெறிந்தவர்களின் முகாமிலிருந்தே கைதிகள் ஓடி வந்து, கல்லடி பட்ட சிப்பாயிடம் அடைக்கலம் கேட்டார்கள்.

கடைசிக் கணக்கு இது. தெற்கிலிருந்து வந்த 22,604 பேரில் 628 பேர் மனம் மாறி ஊர் திரும்பினார்கள். 38 பேர் காவலில் இருந்தபோது இறந்தார்கள். 13 பேர் தப்பி ஓடினார்கள். 21,839 பேர் 1954 ஜனவரியில் தெற்கே நடந்து போனார்கள். சீனர்கள் தைவானுக்குக் கப்பலேறினார்கள். கொரியர்கள் தென் கொரியாவில் விடப்பட்டார்கள். வடக்கிலிருந்து வந்த 359 பேரில் 347 பேர் மறுபடியும் வடக்கேயே போனார்கள். பத்துப் பேர் மனம் மாறித் தெற்கே போனார்கள். வடக்கே போனவர்களில் அமெரிக்கர்களே 21 பேர். அது அமெரிக்காவில் பெரும் பரபரப்பாயிற்று.

கூட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து 86 பேர். வடக்குப் பக்கத்திலிருந்து இரண்டே பேர். ஆக 88.

இந்த 88 பேரும் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம் என்றவர்கள்.

எதற்காக?

88 பேரில் 76 பேர் கொரியர்கள். 12 பேர் சீனர்கள். தெற்கிலிருந்து வந்த 86 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால், சுமார் 260 கைதிக்கு ஒருவர்தான் இந்த முடிவுக்கு வந்தார்.

ஏன் வந்தார்? வடக்கே போனால், எதிரியிடம் பிடிபட்டு உயிரோடு இருந்தவன் என்ற சந்தேகம். தெற்கே போனால், நேற்று வரை வடக்கின் உடுப்பில் சுட்டவன் என்ற சந்தேகம். மறுபடியும் சண்டை வந்தால் அங்கேயும் துப்பாக்கியைத்தான் கொடுப்பார்கள். அது போக, முகாமில் இரண்டு கட்சியும் செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். சிலருக்குப் படிக்க வேண்டும், வேறு தேசத்தில் புது வாழ்வு தொடங்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். அவர்களைக் கோழைகள் என்றும் துரோகிகள் என்றும் இரண்டு பக்கமும் சொல்ல இடமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தோடு எந்தப் பக்கம் நடந்தாலும் துணை உண்டு. இவர்கள் நடந்த வழியில் துணையே கிடையாது.

போகிற நாடு எது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது! நடுநிலை நாட்டுக்குப் போக விரும்புகிறவர்களுக்குக் கமிஷனும் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் உதவ வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தது. எந்த நாடும் "வா" என்று முன்வரவில்லை. கடைசியில், வேறு இடம் கிடைக்கும் வரை இந்தியாவில் இருக்கட்டும் என்று நம் சர்க்கார் அழைத்துக்கொண்டது.

சென்னை வந்த கப்பல்

1954 பிப்ரவரியில் இன்சோன் துறைமுகத்திலிருந்து அஸ்டூரியாஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் புறப்பட்டது. வீடு திரும்பும் இந்தியச் சிப்பாய்களோடு இந்த 88 பேரும் அதில் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் பயணம். அவர்களுக்கோ வீட்டை விட்டுப் போகும் பயணம். ஒரே கப்பலில் இரண்டு மனநிலை! வடக்கின் பட்டாளத்தில் இருந்தவர்களும், தெற்கின் பட்டாளத்தில் இருந்த அந்த இரண்டு பேரும் ஒரே தளத்தில் பயணம் செய்தார்கள்.

இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவான கடல் பயணம். பிப்ரவரி மாதக் கடைசியில் சென்னைத் துறைமுகம். பனிக்கட்டி உறைந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் வங்கக் கடலோரத்து வெயிலில் கால் வைத்தார்கள். அவர்களுடைய புது வாழ்வின் முதல் மண் நம்முடைய மண்.

சென்னையில் நெடுநாள் தங்கவில்லை. ரயிலேறி டில்லிக்குப் போனார்கள். அங்கே ராணுவத்தின் பொறுப்பில் இருந்தார்கள். மொழி கற்றார்கள், தொழில் கற்றார்கள், தங்களை ஏற்றுக்கொள்ளும் நாட்டுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு இரண்டு வருஷம் நீண்டது. சிலருக்கு மனம் தாளவில்லை. வேண்டாம் என்று விட்டு வந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

1956-ல் பிரேசில் கதவு திறந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். சிலர் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். பூமிப் பந்தில் கொரியாவுக்கு ஏறக்குறைய நேர் மறுபக்கம்! அங்கே மொழி புதிது, உணவு புதிது. போனவர்கள் எல்லாரும் இளைஞர்கள், ஆண்கள். அங்கேயே உழைத்துக் குடும்பம் கட்டிக்கொண்டார்கள்.

கொரியாவில் இந்த 88 பேரைப் பலர் மறந்தார்கள். ஒரு நாவலாசிரியர் மறக்கவில்லை. சோய் இன் ஹுன் என்பவர் 1960-ல் எழுதிய நாவலின் பெயர் "சதுக்கம்" என்று பொருள்படும். அதன் கதாநாயகன் இரண்டு கொரியாவிலும் வாழ்ந்து பார்த்து, இரண்டையும் வெறுத்து, நடுநிலை நாட்டுக்குக் கப்பலேறுகிறான். கப்பலின் பெயர் என்ன தெரியுமா? தாகூர்! ஆனால் அவன் கரை சேரவில்லை, நடுக்கடலில் குதித்துவிடுகிறான். தென் கொரியாவில் பெரிதும் படிக்கப்படும் நாவல் அது. கதைக்கு அந்த முடிவு பொருத்தமாக இருக்கலாம். மெய்யாகக் கப்பலேறியவர்களுக்குக் கரையில் இறங்கிச் சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டியிருந்தது.

தங்கிவிட்டவர்

ஒரு சிலர் பிரேசிலுக்கும் போகவில்லை, இந்தியாவிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹியூன் டாங் ஹுவா. வட கொரியப் படையில் அதிகாரியாக இருந்தவர். டில்லியில் குடியேறி வியாபாரம் செய்தார். தம் வாழ்க்கை வரலாற்றைக் கொரிய மொழியில் புத்தகமாக எழுதினார்.

இந்தியா 1973 டிசம்பரில்தான் இரண்டு கொரியாக்களோடும் தூதர் உறவு கொண்டது. இந்தக் கைதிகள் வந்து அதற்குள் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு கொரியர்கள் வியாபாரத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1990-களில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. இன்று சென்னையில் கொரியச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே வருகிற கொரிய எஞ்சினீயர்களில் எத்தனை பேருக்கு அஸ்டூரியாஸ் கப்பல் பற்றித் தெரிந்திருக்கும்?

1953-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். சமாதான ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. ஹிந்த் நகர் இருந்த அந்த நான்கு கிலோமீட்டர் அகலப் பூமி இன்றும் வேலிகளுக்கு நடுவே கிடக்கிறது. கடிதம் போவதில்லை, ஆள் போவதில்லை.

ஹியூன் டாங் ஹுவா பிற்காலத்தில் இந்தியாவில் வாழும் கொரியர்களின் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கத்தில் இருந்தவர்கள் தென் கொரியாவிலிருந்து வந்தவர்கள். தலைவரோ வடக்கின் பட்டாளத்திலிருந்து வந்தவர்.